ஆறுக்குப் பதினேழு

ஜனவரி 14
பனிக்காற்று. ரோப்காரை இரண்டு முறை நிறுத்தினேன். மாலையில் பழைய கேமராக்களின் விலைப்பட்டியல். ஃபிலிமில் ஆறு சென்டிமீட்டர் உயரம், பதினேழு அகலம் வேண்டும். ஒரு சுருளுக்கு நாலே படம். இந்தப் பள்ளத்தாக்கில் வானமே சதுரம். ஹொக்கைடோவில், குஷிரோ சதுப்பு நிலத்தில், அப்படியில்லை. அங்கே நில அளவை நிறுவனத்தில் வேலை உறுதியாகிவிட்டது. ஏப்ரல் ஒன்றில் சேர வேண்டும்.

ஜனவரி 20
பழைய அகலக் கேமரா, லென்ஸோடு: அருமை, என் மூன்று மாதச் சம்பளம். சாதாரண 6×9 கேமராவில் எடுத்துப் படத்தின் மேலும் கீழும் வெட்டுவது: மலிவு, ஏமாற்று. முப்பரிமாண அச்சில் எடுத்த பிளாஸ்டிக் பெட்டி, ஏலத்தில் ஒரு லென்ஸ்: தூரம் கண்மதிப்பில், ஒளி கசியலாம். கசிந்தால் கறுப்பு டேப். இதுதான்.

பிப்ரவரி 3
முதலாளி கமிஜோவிடம் ராஜினாமாக் கடிதத்தை நீட்டினேன். தொடவில்லை.
"உக்காரு மொமோசே, டீ குடி. பொறுப்புப் பொறியாளர் சான்றிதழ் இங்க உன் ஒருத்தன்கிட்டதான் இருக்கு. நீ போனா வண்டி நிக்கணும். சட்டம். பதினாலு குடும்பம்பா."
கத்தினால் நானும் கத்தலாம். டீ ஊற்றுகிறவரை என்ன செய்வது?

பிப்ரவரி 4
கடிதம் என் அலமாரியில் கிடக்கிறது. அவரே வைத்திருக்கிறார், மடிப்புக் கலையாமல்.

பிப்ரவரி 18
டிக்கெட் கவுண்டர் ஒரிஹரா அக்கா: "என்னப்பா, பொண்ணு பாக்கற மாதிரி இன்னும் கேமரா பாத்துட்டே இருக்கியா?"
"பாத்தாச்சு. பிளாஸ்டிக் பொண்ணு."
சிரித்தாள். ஊர் முழுக்கச் சொல்லியிருப்பாள்.

பிப்ரவரி 26
என் மேசைமேல் துணியில் முடிந்த பெட்டி. "என் மச்சானோட கேமரா, ஆறுக்குப் பதினேழு. சும்மா கிடக்கு, வச்சுக்கோ" என்றார் கமிஜோ. எனக்குக் கட்டுப்படியாகாத அந்தக் கேமராவேதான்! வாங்கிக்கொண்டால் போக முடியாது. அவர் வாய் திறக்கமாட்டார், ஊர் திறக்கும்.
அக்கா சொன்னாள்: "முடிச்சைத் தொடாதடா. அப்படியே இருந்தா, தலை குனிஞ்சு திருப்பிக் குடுத்துடலாம்."

பிப்ரவரி 27
தொடவில்லை. இன்றும் நாளையும் கமிஜோ வெளியூர். மறுநாள் கொடுத்துவிடுவேன்.

பிப்ரவரி 28
ஷட்டரில் ஐந்நூறு என்று போட்டிருக்கும், நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு. உண்மையில் எவ்வளவு ஓடும்? அளந்துவிட்டுத் திரும்பக் கட்டினால் யாருக்குத் தெரியும்?

மார்ச் 1
ஐந்நூறு என்பது முந்நூற்றைம்பது. மோசமில்லை. லென்ஸில் பூஞ்சையும் இல்லை.
முடிச்சு அவர் போட்டதுபோல வரவில்லை. நாலு தடவை — துணி கசங்கியதுதான் மிச்சம். என்னையே திட்டிக்கொண்டேன்: எஃகு வடத்தையே இழை இழையாப் பின்றவன் நீ, ஒரு துணி முடிச்சு வரலையா? என்னடா பண்ணித் தொலைச்ச?
கமிஜோ வந்தார். துணியைப் பார்த்தார். "ஃபிலிம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 12
குஷிரோவுக்கு எழுதினேன், வரவில்லை என்று. இரண்டு வரி.

மே 11
ஐந்தாவது சுருள். நாலு படமும் மூலைவரை கூர்மையாக இருந்திருக்கும், மலையுச்சிக் காற்றில் கேமரா ஆடாமலிருந்தால். கேமராவை நிறுத்த, சர்வேக்காரர்களின் மரமுக்காலி ஒன்று வாங்கிவிட்டேன், எட்டு கிலோ.
"இதை எப்படிப்பா தூக்கிட்டுத் திரிவ?" என்றாள் அக்கா.
திரியப் போவதில்லை. உச்சி நிலையத் தளத்தில் போல்ட் போட்டு இறுக்கப்போகிறேன். துளை போட அனுமதி கேட்டேன். கமிஜோவே மேலே வந்து, மண்டியிட்டு, மூன்று இடத்தையும் சாக்பீஸால் குறித்துத் தந்தார்.