பெயர் மாறி வந்த பொட்டலம்

கஷாயத்தின் புதிய சொந்தக்காரருக்கு,

நம் ஊர் ஓஷிலிருந்து பஸ் ஓட்டிவரும் தாலாய் அண்ணன் இன்று, குழந்தை உண்டாகக் குடிக்கும் கஷாயத்துக்கு உங்கள் அம்மா அனுப்பிய வேர்ப் பொட்டலத்தைக் கொடுத்தார். நாம் அல்மாட்டி வந்த நான்கு வருடமாக அது என் பெயருக்குத்தான் வந்தது. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பேன். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். இந்த முறை மேலே உங்கள் பெயர்!

உங்கள் அம்மா மாற்றி எழுதிவிட்டாரோ என்று அவருக்கே போன் செய்தேன்.

"மாத்தியெல்லாம் எழுதல. அவன் ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் சொல்லி அழுதுட்டான். மூணு வேளையும் ஊத்து. மூஞ்சியச் சுளிச்சான்னா எனக்குச் சொல்லு" என்றார். பிறகு என்னைக் கேட்டார்: "நீ ஏண்டி இத்தன நாளா சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?" என்றேன். சிரித்துவிட்டார்.

குறை உங்களிடம்தான் என்று டாக்டர் எழுதிய தாளை மாவு டப்பாவுக்கு அடியில் ஒளித்தது நான்தானே? அதனால் உங்கள்மேல் கோபமில்லை. வியாழக்கிழமை இருவருமாகவே டாக்டரிடம் போவோம்.

பொட்டலத்துக்குள் ஒரு தேன் ஜாடியும் இருந்தது. அதில் என் பெயர். தொடாதீர்கள்.

கஷாயம் அடுப்பில் இருக்கிறது. நான் பேக்கரியிலிருந்து வரும்வரை குடிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
சுவரைப் பார்க்காமல் உங்களையே பார்த்துக்கொண்டு நிற்கப்போகிறவள்