ஆல்டோ இல்லாத பாட்டு

பாபநாசம்
8.12.2024

அன்புள்ள ஆல்பினுக்கு,

லின்சி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். போனில் சொன்னால் நடுவே ஏதாவது மெட்டை முனகுவீர்கள், அதனால் கடிதம்.

உங்கள் புது ஆல்பத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெளியே மழை, வயலும் வாய்க்காலும் ஒன்றாகக் கிடக்கின்றன. வயலின்கள் எழும்பும்போது வீடே மெல்ல மிதக்கிறது. புல்லாங்குழலுக்குப் பின்னால் அந்த மணியோசையை எப்படித்தான் ஒளித்துவைத்தீர்களோ! கேட்ட மயக்கத்தில் சோற்றைக் குழையவிட்டு அப்பாவிடம் திட்டு வாங்கினேன்.

ஒரே ஒரு குறை. கடைசிப் பாட்டில் கூட்டுக்குரல் வரும் இடத்தில் மற்ற மூன்று குரலும் இருக்கின்றன, பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ மட்டும் இல்லை. சர்ச் கொயரில் நான் ஆல்டோ பாட, பக்கத்தில் நின்றவர் நீங்கள். அதையா மறப்பீர்கள்?

லின்சி

சென்னை
17.12.2024

அன்பு லின்சி,

மறக்கவில்லை. அந்த வரியை வயோலாவுக்குக் கொடுத்தேன், கிளாரினெட்டுக்குக் கொடுத்தேன். எதுவும் உட்காரவில்லை. அது உன் குரல். அப்படியே காலியாக விட்டுவிட்டேன். எல்லோரும் ஆல்பத்தைப் புகழ்கிறார்கள், உனக்கு மட்டும்தான் அது கேட்டிருக்கிறது.

நீ அப்பா வீட்டுக்குப் போன பிறகும் தினம் ஒரு பாட்டு வருகிறது. வீடு நிறையப் பாட்டு, பேச ஆளில்லை. வந்துவிடேன். நீ பாடி அதை மறுபடி வெளியிடலாம்.

உன் ஆல்பின்

பாபநாசம்
5.1.2025

அன்புள்ள ஆல்பினுக்கு,

படித்ததும் அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. கூப்பிடுவது என்னையா, ஆல்டோவையா?

உங்கள் பாட்டு பிடிக்காமல் நான் இங்கே வந்துவிடவில்லை. அம்மா போய்விட்டாள் என்று நான் வந்து சொன்னபோது, உங்கள் விரல்கள் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. நிற்கவே இல்லை.

நான் அங்கே வரமாட்டேன். நீங்கள் வாருங்கள். புதுப்பாட்டு எதையும் கொண்டுவர வேண்டாம். நான் பேசுவேன், நீங்கள் கேளுங்கள். பாடுவதை அப்புறம் பார்க்கலாம்.

அப்பா உங்களை விசாரித்தார்.

லின்சி

ரயிலில்
25.1.2025

லின்சி,

இதைத் தபாலில் போடப்போவதில்லை, கையில் தருவேன்.

மயிலாடுதுறை தாண்டும்போது விடிந்தது. பனிக்குள் கதிர் முற்றிய வயல்கள் ரயிலோடு நகர்ந்து வந்தன. எங்கிருந்தோ ஒரு மெட்டு வந்தது. நல்ல மெட்டு. விரல்கள் தாளம் போட ஆரம்பித்தன. கையை மடக்கி வைத்துக்கொண்டேன். கும்பகோணம் வருவதற்குள் மறந்துபோயிற்று.

அத்தையின் கடைசி நாளைப் பற்றி நான் உன்னிடம் கேட்டதே இல்லை. முதலில் அதைச் சொல்.

ஆல்பின்