வயிறு நிறைந்த மாடு

அக்கா,

அறுத்துப் போட்ட கொழுக்கட்டைப் புல்லின் வாசம் இன்று மாலை வாசல்வரை வந்தது. அந்த வாசத்தோடு எப்போதும் உன் நினைவு வரும். இன்று அதற்கு முன்னால் பயம் வந்துவிட்டது.

எருத்தேன்பதியில் நம் மேய்ச்சல் காட்டில் இந்த மழைக்குப் புல் இடுப்பளவு நிற்கிறது. உன் காலத்தில் முழங்காலைத் தொட்டாலே, "பச்சையப் பாரு தம்பி, இனிப் பாலு தானா வரும்" என்பாய். பொழுது சாய்ந்து மாடுகளை ஓட்டி வருமுன், ஒவ்வொன்றின் இடப்பக்க வயிற்றுக் குழியிலும் உள்ளங்கையை வைத்து அழுத்துவாய். குழி நிறைந்திருந்தால் அன்றைக்குக் கவலை விட்டது. "நீங்களும் அழுத்திப் பாருங்க வாத்தியாரே, புஸ்தகத்துலயே மேஞ்சாப் போதுமா?" என்று என்னைச் சீண்டுவாய்.

நீ வளர்த்த செவலையின் பேத்திதான் இப்போது கட்டுத்தறியில் நிற்கிறது. சினை, இன்னும் கறக்கிறோம். தினமும் அழுத்திப் பார்க்கிறேன். குழி நிறைந்தே இருக்கிறது. ஆனால் விலா எலும்பு தெரிகிறது. சொசைட்டியில் பால் அளப்பவர், "ஏனுங்க வாத்தியாரே, ரிட்டயர் ஆனதும் தண்ணி ஊத்தக் கத்துக்கிட்டீங்களா?" என்றார். "நானில்லீங்க, மாடே ஊத்திக் குடுக்குது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். "சீக்கு ஒண்ணுமில்லீங்க. தீனியிலதான் சத்துப் பத்தல."

வகுப்பில் சொல்வதுபோல உனக்கும் சொல்கிறேன். காற்றில் கரியமில வாயு கூடினால் புல்லுக்குக் கொண்டாட்டம், மளமளவென்று வளரும். ஆனால் புரதம் அந்த வேகத்துக்குச் சேராது. பத்துப் பேருக்கு வேகவைத்த பருப்பில் ஊருக்கே சாம்பார் வைத்தது போல. மழையும் ஒரேயடியாகக் கொட்டிவிட்டு நின்றுவிடுகிறது. பிறகு வெயிலில் தண்டு விறைத்து நாராகிறது. நம் காட்டில் நடப்பது இதுதான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் பயம் இன்னும் கூடுகிறது. வறண்ட வருடத்தில் காடு வெளுத்து, வரப்போவதைக் காட்டிவிடும். இந்தப் பச்சை எதையும் காட்டுவதில்லை.

செவலையின் பேத்திக்குப் பிண்ணாக்கு வைக்கிறேன். காட்டில் மேயும் மானுக்கும் முயலுக்கும் யார் வைப்பது?

இன்றும் இடப்பக்கம் கை வைத்தேன். நிறைந்திருந்தது. சுற்றி வந்து வலப்பக்கம் வைத்தேன். உள்ளே கன்று உதைத்தது. நீ விட்டுப்போன இந்தப் பழக்கம் என் கையில் இருக்கிறது, அக்கா. கையை எடுக்க மனம் வரவில்லை. அது சொல்வதை நம்பவும் முடியவில்லை.