மனுஷிக்கு என்ன வேஷம்

ஜன. 19, வெள்ளி

காலையில் பனி. வழுக்கைத் தலைக்கு மப்ளர். விஜயா பார்த்துச் சிரித்தாள். "அண்ணா, தேங்காய்க்கு உறை போட்டாப்ல இருக்கு." தங்கை என்று ஒருத்தி இருந்தால் வேறு எதிரி எதற்கு.

வாங்க வேண்டியது: மீசை ஒட்டும் ஸ்பிரிட் கம், பஞ்சு, பச்சைக் கலர், ஜிகினாத் தாள்.

இருபத்தாறாம் தேதி மொட்டை மாடியில் ஃபிளாட் குழந்தைகள் நாடகம். எழுதி நடத்துவது கீழ்வீட்டு பிலோமினா டீச்சர். சபா நாடகங்களுக்கு மேக்கப் போடுகிறவன் மாடியிலேயே இருக்கும்போது விடுவாரா? கதை இதுதான். சிறகர், மீனர், பாம்பர் வாழும் தீவு. அங்கே ஒரு மனுஷப் பெண் வந்து சேர்கிறாள். சிறகு இல்லை, செதில் இல்லை, வால் இல்லை. இது என்ன பிராணி என்று பாம்பரசன் சபை கூட்டி விசாரிக்கிறான்.

சீட்டுக் குலுக்கி வேஷம் பிரித்தார்கள். விஜயாவின் பெண் நித்யாவுக்கு மனுஷி. வீட்டுக்கு வந்து ஒரே அழுகை.

"எனக்கு மீன் வேஷம்தான் வேணும் மாமா."

"அசடே, கதாநாயகியே நீதாண்டி."

"மீனுக்குக் கை முழுக்கச் செதில் ஒட்டுவே. மனுஷிக்கு என்ன ஒட்டுவே?"

அப்போதுதான் இந்த மரமண்டைக்கு உறைத்தது. அவள் இடது முழங்கைக்கு மேலே அந்த வெள்ளைத் திட்டு. தீபாவளியிலிருந்து ஸ்வெட்டரைக் கழற்றுவதில்லை. மெட்ராஸ் குளிருக்கு ஸ்வெட்டர்! கேட்டால் "குளிர்றது" என்கிறாள். பதினோரு வயசு.

ஜன. 21, ஞாயிறு

தண்ணி லாரி வரவில்லை. குளியல் அரை வாளி.

மயிலாப்பூரில் வாடகை டிரஸ் கடை. சிறகு நாலு ஜோடி, பாம்புத் தலை ஒன்று. "மனுஷி டிரஸ் ஏதாவது இருக்கா?" என்று கேட்டு வைத்தேன்.

"இன்னா சார், தமாசு பண்றியா? புலி கீது, மயில் கீது, எமன்கூட கீறாரு. மனுசனுக்கு இன்னாத்துக்கு வாடகை? ஊட்ல கீறத மாட்டி இட்டுனு போ."

நியாயம்தான். பஸ்ஸில் வரும்போது எல்லோரையும் பார்த்துக்கொண்டே வந்தேன். தொப்பை, மூக்குத்தி, மச்சம், காதில் முடி. இந்த டிரஸ்ஸைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

தோல் டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்: ஒட்டாது, வலிக்காது, நிறம் மட்டும் போயிருக்கிறது, திரும்ப வரலாம், வராமலும் இருக்கலாம். ஆனால் இரண்டாம் மாடி மாமி படிக்கட்டில் வைத்து "இதை வெண்குஷ்டம்னுதானே சொல்லுவா?" என்று கேட்டுவிட்டாள். குழந்தை காதில் விழுந்தது. குஷ்டத்துக்கும் இதற்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. எவன் வைத்த பேரோ, அவன் நாக்கில் ஸ்பிரிட் கம் தடவ வேண்டும்.

ஜன. 23, செவ்வாய்

ஒத்திகை. பாம்பரசன், டீச்சர் பையன் ஆன்டனி. நித்யா வகுப்புதான். வசனம் மனசில் நிற்கவே நிற்காது. ஒன்று மட்டும் மறக்க மாட்டான், அதற்குத்தான் சிரிப்பு வருகிறது.

"மனுஷியே, நீ எப்போ சட்டை உரிப்பே?"

"தினம் ரெண்டு வேளை. குளிக்கறச்சே!"

சிறகர்கள் தரையில் உருண்டார்கள். நானும்தான்.

டீச்சருக்குத் திட்டு விஷயம் தெரியாது. "ஸ்வெட்டர் போட்ட மனுஷியா? அன்னிக்குக் கையில்லாத கவுன்தாம்மா. பாம்பரசன் கையைத் தொட்டுப் பார்த்து, செதில் இல்லைன்னு சொல்லணும்ல?" நித்யா என்னையே பார்த்தாள். சொல்லாதே என்கிற பார்வை. சொல்லவில்லை.

மாடிப்படியில்: "மாமா, பான்கேக் மேக்கப் போட்டு மறைச்சுடறியா?"

முடியும். அம்மைத் தழும்பையே மறைத்தவன். சரி என்றேன். சொன்னதிலிருந்து மனசு சரியில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடம் போகவும் கேட்பாள். அப்புறம் கல்யாணம் காட்சிக்கும். மறைக்காவிட்டால் மேடை ஏற மாட்டாள். "போட்டு விட்டுடேன் அண்ணா, ஒரு நாள்தானே" என்கிறாள் விஜயா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. இந்த வாலு நித்யா அழுதால் எனக்குச் சோறு இறங்காது.

ஜன. 25, வியாழன்

நிறம் கலந்து அவள் கையில் போட்டுப் பார்த்தேன். அச்சாக அமைந்துவிட்டது. கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு,

"மாமா, உன்கிட்ட இத்தனை விக் இருக்கே, நீ ஏன் வெச்சுக்கறதில்லே?"

"ஒரு தடவை வெச்சிண்டு ஆத்துக்கு வந்தேன். கதவைத் திறந்து, 'அண்ணா இல்லே, அப்புறம் வாங்கோ'ன்னுட்டா உங்கம்மா."

விழுந்து விழுந்து சிரித்தாள். எண்ணெய் தொட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கும் இதே கலர்" என்றாள்.

இடுப்பு வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

ஜன. 26, வெள்ளி

மாடியில் பெஞ்சு மேடை, படுக்கை விரிப்புத் திரை. மத்தியானமே ஆரம்பித்தேன். சிறகர்களுக்கு மூக்கு. மீனர்களுக்கு ஜிகினாச் செதில். ஆன்டனிக்கு முகம், கை எல்லாம் பச்சை. கடைசியில் நித்யா. ஸ்பான்ஜை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இரு மாமா, அப்புறம்" என்றாள். கவுனுக்கு மேல் ஸ்வெட்டர். அப்புறம் அப்புறம் என்றே நேரம் போய், மனுஷியைக் கூப்பிட்டாகிவிட்டது. ஸ்வெட்டரோடு ஏறிவிட்டாள். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆன்டனி தொட வந்தான். ஸ்வெட்டரைப் பார்த்தான். வசனம் போயே போச்சு. திணறித் திணறி, தெரிந்த ஒன்றையே கத்தினான்.

"மனுஷியே, நீ எப்போ சட்டை உரிப்பே?"

'குளிக்கறச்சே' என்கிற பதிலுக்கு எல்லோரும் சிரிக்கத் தயாராக இருந்தோம். நித்யா ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினாள். இடது கையை நீட்டினாள்.

"இதோ, உரிய ஆரம்பிச்சாச்சு. மனுஷாளுக்கு ரொம்ப மெதுவாத்தான் உரியும்."

ஆன்டனி குனிந்து பார்த்தான். பச்சை விரல்களால் தொட்டுப் பார்த்தான். நாடகத்தில் இல்லாததைச் சொன்னான்.

"ஐயோ, இவ எங்க ஆளு!"

கையைப் பிடித்து இழுத்துப்போய் சிம்மாசனத்தில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான். ஒரே கைதட்டல். இரண்டாம் மாடி மாமியும் தட்டினாள். விஜயா என் தோளில் நகத்தைப் பதித்தது இன்னும் எரிகிறது. நான் அழுதேன், அதில் வெட்கமில்லை.

இப்போது குளியலறையில் அம்மாவுக்கும் பெண்ணுக்கும் சண்டை. திட்டின் மேல் ஆன்டனியின் பச்சை விரல் தடங்கள் நாலு.

"சோப்புப் போட்டுத் தேய்டீ!"

"மாட்டேன். திங்கக்கிழமை ஸ்கூலுக்கு இப்படியேதான் போவேன்."