அட்டையில அவன் மூஞ்சி

மாசி 2, செவ்வாய்

காலையில பனி. உடுக்கைத் தோலு தொய்ஞ்சு போயி டொப்பு டொப்புன்னு சத்தம். அடுப்போரமா வெச்சுக் காய வெச்சேன். வீட்டுல திட்டு. "இட்லி வேகணுமா, உங்க உடுக்கை வேகணுமா?"

இன்னிக்கி போட்டோ எடுக்க வந்தாங்க, ஸ்ரீரங்கத்துலேருந்து. பாட்டு, கச்சேரி பத்தி மாசாமாசம் வர்ற புத்தகம். இந்தத் தடவ நம்ம உடுக்கைக் கதையப் போடுறாங்களாம், அட்டையிலயே. எடிட்டரு ஐயங்காரு. நெத்தியில நாமம், காலுல ஓடுறவன் போடுற ஷூ. கூட திவ்யான்னு ஒரு பொண்ணு. அட்டைய அதுதான் செய்யுதாம். "அட்டை செய்யிறதுன்னா என்னம்மா, பசை போட்டு ஒட்டுறதா?"ன்னேன். சிரிச்சுச்சு. கம்ப்யூட்டர்லயாம்.

அவங்க கார் வரவே லேட்டு. மில்லுச் சந்துல தவிட்டு லாரி குறுக்க நின்னுருச்சு. அந்த டிரைவரு இருக்கானே, போன ஐப்பசியில இதே சந்துல எருமை மேல இடிச்சு, எருமைக்கு ஒண்ணும் ஆவல, லாரிக்குத்தான் லைட்டு போச்சு. எருமைக்காரி அதுக்கும் சண்டைக்கு வந்தா. சரி, அது வேற.

வாய்க்கா மேட்டுல உக்கார வெச்சாங்க. நான் உடுக்கையோட. பக்கத்துல மாப்ள நாகராசு, தங்கச்சி பாக்கியத்தோட புருசன். இனிமே சுருக்கமா நா. கதை சொல்றது நானு, ஆமா போடுறது அவன். மீசை மொளச்ச காலத்துலேருந்து எனக்கு ஆமா போடுறான். "மடை தொறந்துச்சாம் மாப்ள"ன்னு நான் சொன்னா, "ஆமா, தொறந்துச்சு"ன்னு அவன் வாங்கணும். அந்த நேரத்துலதான் நான் மூச்சு விடுறது.

திவ்யா சொல்லுது, "ஐயா, கேமராவப் பாருங்க."

"பாத்துக்கிட்டுத்தாம்மா இருக்கேன்."

"இல்லய்யா, இங்க. இங்க."

நா. எடுத்து விட்டான்: "எங்க மச்சானுக்கு ஒரு கண்ணு மலைக்கோட்டையப் பாக்கும், இன்னொண்ணு ஸ்ரீரங்கம் கோபுரத்தப் பாக்கும். நடுவுல நிக்கிறவங்களுக்கு ஒண்ணும் கெடைக்காது."

எல்லாரும் சிரிச்சாங்க. எடிட்டரு ஷூ வழுக்கி வாய்க்காலுக்குள்ளயே விழப் பாத்தாரு. நானும் சிரிச்சேன். அது என்னோட ஜோக்குதான், கதைக்கு முன்னாடி நானே சொல்றது. எனக்கு மாறுகண்ணு. கூட்டத்துல ஒவ்வொருத்தனும் என்னையத்தான் பாக்குறாருன்னு நெனச்சுக்குவான். அது ஒரு வசதி. அடுத்தவன் சொல்லிக் கேட்டது இன்னிக்கித்தான்.

அப்புறம் அந்தப் பொண்ணு, "அந்த அண்ணன் கையில ஒரு தடவ உடுக்கையக் குடுங்களேன், சும்மா"ன்னுச்சு. குடுத்தேன். கட்டவெரல் தப்பா வெச்சிருந்தான். நான்தான் புடிச்சு சரியா வெச்சு விட்டேன்.

வாங்கணும்: வெத்தல, உடுக்கைக்கு நூலு, முட்டிக்குத் தைலம்.

மாசி 5, வெள்ளி

வெயிலு. ஸ்ரீரங்கம் போனேன். எடிட்டரு கூப்புட்டாரு, பேரு ஊரு எல்லாம் சரியான்னு பாக்கணுமாம். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல டவுன் பஸ் மாறி. பஸ்ஸுல ஒரு அம்மா மடியில பூசணிக்கா, தூங்கி விழுந்தாங்க, பூசணிக்கா உருண்டு டிரைவர்கிட்டப் போயிருச்சு. பாலம் தாண்டுற வரைக்கும் அவரு காலால புடிச்சிக்கிட்டே ஓட்டுனாரு.

மாடியில ஆபீஸு. செவுரு பூரா பழைய அட்டை. எல்லாத்துலயும் ஒத்த மூஞ்சி. எல்லா மூஞ்சியும் என்னையப் பாக்குது.

கம்ப்யூட்டர்ல நாலு அட்டை காட்டுச்சு திவ்யா. ஒண்ணுல நானு. ஒண்ணுல நாங்க ரெண்டு பேரும். ஒண்ணுல வெறும் உடுக்கை. ஒண்ணுல நா., கையில என் உடுக்கை. அரிசி மில்லுல எடை போடுறவன் அவன். சட்டையில செண்டு அடிச்சுக்கிட்டுத்தான் வேலைக்கே போவான். காலுல சேறு பட்டா மூணு தரம் கழுவுவான். படத்துல அவன் நெத்தியில முத்து முத்தா வேர்வை. பனியில எங்கடா வேர்வைன்னு பாத்தா, இந்தப் பொண்ணு ஊத்துனதாம் கம்ப்யூட்டர்ல. மீசைக்குக் கருப்பு. தோளுல இருந்த நீலத் துண்டு செவப்பாயிருச்சு.

"நீலம் கடையில எடுக்காதுய்யா"ன்னுச்சு.

டீ கொண்டாந்த அக்காகிட்ட எடிட்டரு கேட்டாரு, "கடையில தொங்கினா எதை எடுப்பேள்?" அந்தக்கா ஒரு நொடி யோசிக்கல. நா. மேல வெரல வெச்சுட்டு டம்ளரோட போயிருச்சு.

"பாத்தேளா"ன்னாரு. "பஸ் ஸ்டாண்டு கடையில கிளிப்புல ஒண்ணு மேல ஒண்ணா தொங்கும். சினிமா, ஜோசியம், சமையல், அதுக்கெல்லாம் நடுவுல நாம. எட்டிப் பாக்கறது இந்த எடது ஓரம் மட்டும்தான். அந்த ஓரத்துல ரெண்டு கண்ணு இருக்கணும், வர்றவன நேரா பாக்கணும். அவனுக்கு பஸ் கெளம்பிண்டிருக்கு, பாத்துக்கோங்கோ."

"ரெண்டு பேரையும் போடலாமே சாமி?"

"ரெண்டு மூஞ்சி போட்டா எதப் பாக்கறதுன்னு தெரியாம ஒண்ணையும் பாக்க மாட்டா."

"கதை சொல்றது நானு."

"உள்ள அப்படித்தான் போட்டிருக்கு. ஒரு எழுத்து மாறாது. அட்டை நெஜம் சொல்றதுக்கு இல்ல பெரியண்ணன். கைய நீட்ட வெக்கறதுக்கு."

திவ்யா என் மூஞ்சியப் பாக்கவேயில்ல. "உங்க படம் உள்ள முழுப் பக்கம் போடுறேங்கய்யா. வாய மூடிக்கிட்டு இருக்கீங்களே, அது"ன்னுச்சு. முன்பல்லு இல்லாததுக்குச் சொல்லுது.

டீ ஆறிப் போச்சு. குடிக்காம வந்துட்டேன்.

மாசி 20, சனி

புத்தகம் வந்துருச்சு. சத்திரத்துல எறங்கி நேரா கடைக்கு. அவரு சொன்ன மாதிரியே. சமையலுக்கும் ஜோசியத்துக்கும் நடுவுல நா. எட்டிப் பாக்குறான். நம்ம வீட்டுல சாப்புட்டு வளந்த மூஞ்சி, என்னமோ என்னைய மிரட்டுது. பக்கத்துல மஞ்சளா, பெருசா, 'கதைசொல்லி!' அம்புட்டுதான். பேரு கெடையாது. பேரு போடாததால பொய்யும் இல்ல.

ஒரு ஆளு பஸ்ஸுல ஏறப் போனவன் திரும்பி வந்து வாங்கிட்டு ஓடுனான். பெறகு ஒரு புருசன் பொண்டாட்டி. "யாருங்க இது, அய்யனாரு மாதிரி?"ன்னு அந்தப் பொண்ணு கேக்குது. நான் அவங்க பக்கத்துலதான் நிக்கிறேன்.

கடைக்காரரு: "பெரியவரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. புத்தகத்த மறைக்கிறீங்க."

தள்ளி நின்னேன்.

உள்ள படிச்சேன், எழுத்துக் கூட்டி. எல்லாம் சரியாத்தான் இருக்கு. என் பேரு, எங்க ஊரு. ஒரு கொறையும் சொல்ல முடியாது. அதான் எரிச்சலு.

மாசி 22, திங்கள்

உறையூர் கோயில்லேருந்து பங்குனிக் கதைக்குக் கூப்புட்டாங்க. வருசா வருசம் எனக்குத்தான் போனு வரும். இந்தத் தடவ நா.வுக்கு வந்திருக்கு. அவனே வந்து சொன்னான். உக்காரல, நின்னுக்கிட்டே.

"நான் சொல்லிட்டேன் மச்சான், நான் ஆமா போடுறவன்னு."

"அதுக்கு?"

"கமிட்டிக்காரரு சிரிக்கிறாரு. பக்கத்துல இருக்கிறவர்கிட்ட, அடக்கத்தப் பாருய்யாங்குறாரு."

"அப்புறம்?"

"அட்டையில இருக்கிறவருதான் உக்காரணுமாம். நோட்டீசு அடிச்சாச்சாம். பழைய ஆளு வேணும்னா கூட ஆமா போடட்டும்னாரு."

பழைய ஆளு. அந்தக் கோயிலுக்கு மைக்செட்டே இல்லாத காலத்துலேருந்து போறேன். ஒரு வருசம் மழை வந்து பந்தலு சாஞ்சு, குடைக்கு அடியில உக்காந்து சொன்னேன். குடை புடிச்சது இதே நா.தான்.

"வரலேன்னு சொல்ல வேண்டியதுதான?"

கையில போனு. அதுல படம். அவன் படத்த அவனே பாத்துக்கிட்டு நிக்கிறான்.

மாசி 23, செவ்வாய்

காத்தே இல்ல. பாக்கியம் வந்துச்சு. மொறுக்கு கொண்டாந்துச்சு. மொறுக்கு கொண்டாந்தா ஏதோ கேக்கப் போவுதுன்னு அர்த்தம், சின்னப்புள்ளயிலேருந்தே.

"அண்ணே, ஆயுசுக்கும் ஒனக்கு ஆமா போட்டாரு. ஒரே ஒரு வாட்டி நீ போட்டா என்ன கொறஞ்சா போயிருவ?"

"அவனுக்குக் கதை தெரியுமா?"

"தெரியலேன்னா அசிங்கப்பட்டுட்டு வரட்டுமே. நீதான் பக்கத்துல இருக்கியே."

அது போன பெறகு வீட்டுல சொன்னா, "நீங்க போவலேன்னா வேற எவனையாச்சும் உக்கார வெப்பான். அப்புறம் அடுத்த வருசம் ரெண்டு பேருக்கும் இல்ல."

மொறுக்கு உப்பு கூட. தின்னுட்டேன்.

உண்மையச் சொன்னா, போறேன்னு நான் ஒத்துக்கிட்டது பாக்கியத்துக்காக இல்ல. அவன் நடுவுல தடுமாறி நிக்கிறதப் பக்கத்துலேருந்து பாக்கணும். அதுக்கு.

பங்குனி 4, சனி

நேத்து உறையூர். நல்ல புழுக்கம். தெருமொனையில பேனரு. அட்டைய அப்படியே பெருசாக்கி, வேர்வை ஒவ்வொண்ணும் எலந்தப்பழம் பருமன். அதுக்கு எவனோ மாலை வேற போட்டிருக்கான். உசுரோட இருக்கிறவனுக்கு.

கமிட்டிக்காரரு என்னைய, "வாங்க வாங்க, நீங்களும் வந்துட்டீங்களா"ன்னாரு.

வெளக்கு வெக்கிற நேரத்துக்கு ஆரம்பிச்சாச்சு. நான் உக்கார்ற எடத்துல அவன். எடது பக்கம் நானு. செல்லாயி கதை. அவ அண்ணன் மடை தொறக்க ஏரிக்குப் போனவன் வரமாட்டான், அவ வாய்க்கா கரையிலயே காத்துக் கெடப்பா. அவனுக்கு மொதல்ல ரெண்டு எடத்துல வாய் கொழறுச்சு. எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. எழுதுறேன், சந்தோசமாத்தான் இருந்துச்சு.

பெறகு அந்த எடம் வந்துச்சு. தண்ணி வர்ற எடம். நான் சொல்லுறப்ப அங்க நிறுத்தி, அந்த ஏரிய வெட்டுனது யாரு, வெட்டுன மண்ண எங்க கொட்டுனாங்க, கரையில என்னென்ன மரம், மரத்துல என்ன பறவைன்னு ஒரு சுத்து சுத்தி வருவேன். அவன் எங்கயும் போவல. உடுக்கைய நிறுத்திப்புட்டான்.

"தண்ணி வந்துச்சு. தண்ணியோட அண்ணன் தலப்பாவும் வந்துச்சு."

அம்புட்டுதான் சொன்னான்.

நான் ஆமா போடணும். வாயி வரல. கேட்டுக்கிட்டு இருந்துட்டேன். முன்னாடி வரிசையில ஒரு கெழவரு துண்டால மூஞ்சியப் பொத்திக்கிட்டாரு. பொம்பளைங்க பக்கம் மூக்கு உறியிற சத்தம்.

நான் சொல்லுற வருசமெல்லாம் அந்த எடத்துலதான் பாதிக் கூட்டம் எந்திரிச்சு டீ குடிக்கப் போவும். நேத்து ஒரு ஆளு எந்திரிக்கல.