நாற்காலி என்று நான் எழுதிய நாய்

அக்டோபர் 17

அன்பு மகள் லின்னியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் நலம், மனசளவில் எப்படி என்பது இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது உனக்கே தெரிந்துவிடும். பாஸ்டனில் இப்போதே குளிர ஆரம்பித்துவிட்டதாமே, நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வெளியே போவாய் என்று நம்புகிறேன். இங்கே வழக்கம்போல மழை பிடித்துக்கொண்டது, கூரையில் பாசி, நான் ஏணியில் ஏறக் கூடாது என்று அம்மா உத்தரவு போட்டிருக்கிறாள். அவளுடைய முழங்கால் பரவாயில்லை. பின்னால் இருக்கும் ஹேசல்நட் தோப்பில் இந்த வருஷம் நல்ல விளைச்சல், ஒரு பை உனக்கு அனுப்பியிருக்கிறோம், அலுவலகத்தில் பங்கு வைத்தே தீர்த்துவிடாதே.

உன்னிடம் ஒரு விஷயத்தை ஒரு வருஷமாக மறைத்து வைத்திருந்தேன். போன வருஷம் ஆகஸ்டில் உன் அத்தையின் இறுதிச் சடங்குக்கு மினசோட்டா போனபோது நம் நாய் வாஃபிளை ஆற்றங்கரைச் சாலையில் இருக்கும் நாய்க் காப்பகத்தில் விட்டோம் அல்லவா, அங்கேயே இறந்துபோனது என்று மட்டும் உனக்குச் சொன்னோம், வயசாகிவிட்டது என்று நீயும் நினைத்திருப்பாய். வயசு காரணம் இல்லை. குளிப்பாட்டக் கூட்டிப்போன வேனில் அதை விட்டுவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். அன்றைக்கு வெயில் நூறு டிகிரி. திரும்பி வந்து பார்த்தபோது இருக்கைத் துணியையெல்லாம் கிழித்துப்போட்டிருந்ததாம். நான் போய் நின்றபோது மேலாளர் முதலில் சொன்னது அதைத்தான். "சீட்டெல்லாம் போச்சு சார், ஆனா நாங்க அதுக்குக் காசு கேக்கல" என்றார். அடுத்த வாரம் ஓர் இரங்கல் கடிதம் வந்தது, கூடவே ஒரு வாரத்துக்கு இலவசமாக நாயை விட்டு வைக்கலாம் என்று ஒரு கூப்பன். எந்த நாயை என்று அதில் போடவில்லை.

கூப்பன் வந்த நாலாம் நாள் நான் வழக்குப் போட்டேன். ஆமாம், நானேதான், எழுபத்து நாலு வயசில், வக்கீல் வைக்காமல். தன் வழக்கைத் தானே வாதாட வருகிறவர்களைப் பார்த்து நீதிபதி மேடையிலிருந்து எத்தனை தடவை உள்ளுக்குள் சிரித்திருப்பேன், அதற்கெல்லாம் சேர்த்து வைத்து அனுபவித்தேன். போன வாரம் விசாரணைக்குப் போனால் கோர்ட் சேவகர் ஓடி வந்து, பழைய பழக்கத்தில், நீதிபதி அறைக் கதவைத் திறந்து பிடிக்கிறார். "இல்லப்பா, நான் இன்னிக்கு இந்தப் பக்கம்" என்று சொல்லி மரப்பெஞ்சில் உட்கார்ந்தேன். முப்பத்தொரு வருஷம் அந்தப் பெஞ்சுக்கு எதிரே இருந்தேன், அது இவ்வளவு கடினம் என்று ஒருத்தர்கூட என்னிடம் சொன்னதில்லை.

நன்றாகத்தான் பேசினேன் என்று நினைக்கிறேன். பதின்மூன்று வருஷம் வீட்டில் ஒருத்தியாக இருந்தது, அதன் சாவை ஒரு நீதிமன்றம் இப்படித் தள்ளிவிட முடியாது, அதன் உயிருக்கும் எங்கள் துயரத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு என்றேன். காப்பகத்தின் வக்கீல் டன்லப் எழுந்தார். சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர், அதுதான் இன்னும் வலித்தது. "ஐயா அவர்கள் மேல எனக்கு ரொம்ப மதிப்பு. அதனால சொந்தமா எதுவும் சொல்லாம, ஐயாவோட வார்த்தையையே படிக்கிறேன்" என்று சொல்லி ஒரு தாளை எடுத்தார். பத்தொன்பது வருஷத்துக்கு முன் நான் எழுதிய தீர்ப்பு. ஓபல் டகெட் என்ற பெண்மணியின் நாயை ஒரு லாரிக்காரன் வேண்டுமென்றே ஏற்றிக் கொன்ற வழக்கு. "நாய் அசையும் சொத்து. உடைந்த நாற்காலிக்காக அதன் உரிமையாளர் அழலாம். அந்த அழுகைக்கு விலை போடுவது நீதிமன்றத்தின் வேலை அல்ல." இதை எழுதிய அன்று எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல, சாப்பாட்டு மேஜையில் அம்மாவுக்கு வாசித்துக்கூடக் காட்டினேன். மேல் நீதிமன்றமும் அதையே சரியென்று சொல்லி, அன்றிலிருந்து இந்த ஆரெகன் மாநிலத்தில் செத்த நாய்க்காக யார் வந்தாலும் முகத்தில் வீசப்படுவது என் நாற்காலிதான் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த இளம் நீதிபதி என்னைப் பார்த்து, "இந்தத் தீர்ப்பு தப்புன்னு சொல்றீங்களா, ப்ரெக்கே ஐயா?" என்று கேட்டார். நான் டன்லப்பின் கையிலிருந்த தாளை வாங்கி, அடியில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்தேன். அந்த நீதிபதி நியாயமானவர், மேல் நீதிமன்றம் சொன்னதை மீற அவரால் முடியாது, நானும் அதைத்தான் செய்திருப்பேன். பின்னங்கால் நொண்டும் கிழட்டுக் கலப்பின நாய்க்குச் சந்தை விலை இல்லை என்று, பெயருக்கு ஒரு டாலர் கொடுக்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் அம்மா, "வீட்டுல முப்பத்தொரு வருஷமா உங்க தீர்ப்புதான். ஒரு தடவையாவது அப்பீல் நடக்கட்டும்" என்றாள். அப்பீலுக்கு முன்னால் எனக்கு வேறோர் இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. மறுநாள் அம்மா சுட்டுக் கொடுத்த பிளாக்பெரிப் பழப் பலகாரத்தை எடுத்துக்கொண்டு, விலாசம் விசாரித்து, ஓபல் டகெட் வீட்டுக்குப் போனேன். தோட்டச் சாலையோரம் சின்னத் தகர வீடு. அவருக்கு எண்பது வயசிருக்கும், கதவைத் திறந்ததும் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க ஜட்ஜய்யா. உங்க வீட்டு நாற்காலி உடைஞ்சுபோச்சாமே, பேப்பர்ல பாத்தேன்" என்றார். உள்ளே கூப்பிட்டு, "கை கழுவிட்டு வாங்க" என்றார். போனால், கழிவறைச் சுவரில், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக, என் தீர்ப்பின் முதல் பக்கம் கண்ணாடிச் சட்டத்துக்குள்ளே தொங்குகிறது. பத்தொன்பது வருஷமாக என் எழுத்தைத் தினமும் தவறாமல் வாசித்த ஒரே வாசகி அவர்தான்.

நாயின் பெயர் என்ன என்று கேட்டேன். தீர்ப்பு முழுவதும் "வாதியின் நாய்" என்றே எழுதியிருந்தேன், பெயரைக் கேட்கத் தோன்றவே இல்லை. "கிளெம்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். "உங்க மன்னிப்ப வச்சு நான் என்ன பண்ண? அதுக்குச் சந்தை விலை என்ன?" என்று கேட்டுவிட்டு, பலகாரத்தை வெட்டி எனக்கே ஒரு துண்டு வைத்தார். கிளம்பும்போது சொன்னார்: "எழுதினது நீங்க. அழிக்கவும் நீங்களே வழி பாருங்க."

விலங்குகளுக்கான சட்டம் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்ன அந்த நன்றி தெரிவிப்பு நாள் விருந்தில், "ஃபீஸ் யார் குடுப்பா, பசுவா?" என்று நான் கேட்டதும் எல்லோரும் சிரித்ததும், நீ வான்கோழியைத் தொடாமல் எழுந்து போனதும் எனக்கு மறக்கவில்லை. அதன்பிறகு நான்கு வருஷம் நீ வீட்டுக்கு வரவில்லை. வாஃபிள் போனபோது தொலைபேசியில் அழுதாயே தவிர, "இப்பத் தெரியுதா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நம் மாநிலத்தில் வாதாடும் உரிமத்தையும் நீ விடாமல் புதுப்பித்து வருகிறாய் என்று அம்மா இப்போதுதான் சொன்னாள். ஆகவே கேட்கிறேன், அப்பாவாக இல்லை, கட்சிக்காரனாக: இந்த அப்பீலை நீ நடத்துவாயா? ஜெயிப்பது கஷ்டம், எனக்குத் தெரியும், சுவரை அவ்வளவு கெட்டியாகக் கட்டியது யார் என்றும் தெரியும். அந்த நாற்காலித் தீர்ப்பை எழுதிய நீதிபதி நல்லவர், நேர்மையானவர் என்று தயவுசெய்து மெதுவாக ஆரம்பிக்காதே. அவர் யோசிக்கவில்லை என்று எழுது. ஒரு வாக்கியம் அழகாக வந்துவிட்டதால் அதைச் சரியென்று நம்பிவிட்டார் என்று எழுது. நீ எழுதும் முதல் பக்கத்திலேயே வாஃபிள், கிளெம் இரண்டு பெயரும் இருக்கட்டும்.

முடியாது என்று நீ சொன்னாலும் வருத்தமில்லை, ஹேசல்நட்டைத் திருப்பி அனுப்ப வேண்டாம். கார் டயரைப் பனிக்கு முன்னால் மாற்றிவிடு, ராத்திரியில் காபி குடிக்காதே. எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு என்றும் உண்டு, நீ எந்தப் பக்கம் நின்று பேசினாலும் உண்டு. நினைவிருக்கட்டும், மனு போட நவம்பர் எட்டாம் தேதிதான் கடைசி நாள், ஒரு நாள் பிந்தினாலும் தள்ளுபடி. அந்த விஷயத்தில் நான் யாருக்கும் இரக்கம் காட்டியதில்லை.

உன் அப்பா,
ஆல்டன் ப்ரெக்கே
மேல்முறையீட்டாளர்