நீர்மானி மிச்சப்படுத்தியது

அன்பு மகனே,

அம்மாவின் நலம் கேட்டு எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில், நீர்மானி பொருத்தியதால் வீட்டுக்கு மிச்சம் உண்டா என்ற உன் வினாவுக்கு விடை. உண்டு. கட்டணம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. உன் கணக்கில் பிழையில்லை.

"ரெண்டு பேர் இருக்கற வீட்டுக்கு எதுக்குப்பா பெரிய குடும்பத்துக் கட்டணம்? மீட்டர் வெச்சுடுங்க" என்று தொலைபேசியில் நீ சொன்னபோது, எனக்கும் அது முறையாகவே பட்டது. பயன்படுத்திய அளவுக்கே கட்டணம் என்று தெருமுனைக் கூட்டங்களில் தொண்டை கிழிய முழங்கியவன் நான். கைதட்டிய கூட்டம் கலைந்து போயிற்று. கேட்டதை நெஞ்சில் வைத்திருந்தவள் உன் அம்மா ஒருத்திதான்.

வாசல் குழாய் அருகே மானியைப் பொருத்திய அன்றே அவள் அதற்கு வட்டிக்காரன் என்று பெயர் சூட்டினாள். நான் முகம் கழுவத் தொடங்கினால் வாசலிலிருந்து குரல் வரும்: "போதுங்க, வட்டிக்காரன் முழிச்சுக்கிட்டான்!" துணி அலசிய தண்ணீர் தரை துடைக்க வந்தது, துடைத்த தண்ணீர் செடிக்குப் போனது. அடுத்த வீட்டுத் தையல்காரி கேலி பேசினாள்: "என்னக்கா, சொம்புல குளிச்சு டம்ளர்ல துவைக்கறீங்களாமே?" "ஆமாண்டி, நீ அளவெடுத்துத் தைக்கறே, நான் அளவெடுத்துக் குளிக்கறேன்" என்றாள் இவள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போது நெஞ்சில் முள்ளாய் நிற்கிறது.

அவள் சிறுநீரகத்தில் கல் இருப்பதும், நிறையத் தண்ணீர் குடிக்கும்படி மருத்துவர் சொன்னதும் நீ அறிவாய். முகம் வீங்கியது, வெயில் என்றாள். கால் வீங்கியது, வயசு என்றாள். சமையலறையில் சரிந்து விழுந்த பிறகே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன என்றார்கள். ஏன் தண்ணீரே குடிக்கவில்லை என்று மருத்துவர் கேட்டபோது வாய் திறக்காதவள், செவிலியிடம் சொல்லியிருக்கிறாள்: "ஒவ்வொரு தடவை கக்கூஸ் போனாலும் ஒரு தொட்டித் தண்ணி போயிடுதேம்மா. குடிச்சாத்தானே போகணும்?"

ஊரைத் திருத்தப் புறப்பட்ட நாவு இது, மகனே. என் வீட்டுச் சமையலறையில் உலர்ந்து கிடந்த ஒரு குவளையை இந்தக் கண் காணவில்லை.

உன்மேல் பழி போட இதை எழுதவில்லை. நீ நல்லதைத்தான் சொன்னாய். மானியும் பொய் சொல்லவில்லை. இந்த முறை வந்த கட்டணம் இன்னும் குறைவு. வீட்டில் ஆள் இருந்தால்தானே குழாய் திறக்கும்?

மிச்சம் பிடித்ததெல்லாம் அவள் தலையணை உறைக்குள் இருந்தது. "எம்புள்ள பிளேன் டிக்கெட்டுக்கு. பணம் இல்லாமத்தானே வராம இருக்கான்" என்றாள். செலவாகும், செலவாகும் என்று ஆண்டுதோறும் நீ சொன்னதை அவள் அப்படியே நம்பியிருக்கிறாள். அந்தப் பணத்தை இன்று உன் கணக்கில் செலுத்திவிட்டேன்.

இயந்திரம் அவள் குருதியைக் கழுவித் தருகிறது. அதுவும் நெடுநாள் தாங்காது என்கிறார்கள். இப்போது அவள் விரும்பியபடி தண்ணீர் குடித்தால் நுரையீரலில் ஏறிவிடுமாம். நாளுக்கு இவ்வளவுதான் என்று ஒரு சின்னக் கிண்ணத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். கேட்கிறாள். கையேந்திக் கேட்கிறாள். கோட்டுக்கு மேலே ஒரு சொட்டும் தர முடியாமல் நிற்கிறேன். நேற்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீங்க வட்டிக்காரனை விட மோசம். எம்புள்ள வரட்டும். அவன் அளக்காம குடுப்பான்."

நீ நீடு வாழ வேண்டும். உன் வீட்டில் ஒரு குறையும் நேராதிருக்க வேண்டும். உடனே புறப்பட்டு வா, மகனே. வந்து, அந்தக் கோடு வரைக்குமாவது உன் கையால் கொடு.

வழி பார்த்திருக்கும்,
அப்பா